தேடினால் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று பொருளா?

ஒரு சின்னச் சோதனை. ஔவையார் என்று ஒரு முறை தட்டுங்கள். அடுத்து, ஒளவையார் என்று தட்டுங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது 'ஔ' என்ற ஒரே உயிரெழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவதில் 'ஒ' தனியாகவும் அதை அடுத்து 'ள' தனியாகவும் நிற்கின்றன. ஆத்திசூடி உரை ஒன்றை யாரோ இரண்டாவது முறையில் தட்டெழுதி ஏற்றியிருக்க, நீங்கள் முதல் முறையில் தேடினால், அந்தத் தளத்தின் தேடல் பெட்டி 'முடிவுகள் ஏதுமில்லை' என்று சொல்லிவிடக்கூடும். உரை அங்கேயேதான் இருக்கும்.

இணையத் தேடல் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஆங்கிலத்தில் தட்டினால் கொட்டுகிறது, தமிழில் தட்டினால் ஏன் வறண்டுபோகிறது? அரசாணை வந்ததாகச் செய்தியில் படித்தேன், தேடினால் ஏன் அகப்படவில்லை? மேலே ஏஐ எழுதித் தரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? இவற்றுக்கு விடை தெரிய, தேடுபொறி உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தேடுபொறி எதைத் தேடுகிறது?

நாம் கூகுளிலோ பிங்கிலோ ஒரு சொல்லைத் தட்டும் நொடியில் அது இணையம் முழுவதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. ஏற்கெனவே பார்த்து, தன் கிடங்கில் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைத்தான் புரட்டுகிறது. அந்தக் கிடங்கு மூன்று படிகளில் உருவாகிறது.

1. சேகரிப்பு. ஒரு நிரல் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள லிங்குகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. எந்தப் பக்கமும் லிங்க் கொடுக்காத ஒரு பக்கம் அதன் கண்ணில் படுவது கடினம். 'இந்தப் பகுதிக்குள் வராதே' என்று தள உரிமையாளர் எழுதி வைக்கும் ஒரு சிறு கோப்பு முறையும் 1994 முதல் இருக்கிறது. நல்ல தேடுபொறிகள் அதை மதித்து ஒதுங்கிவிடும்.

2. அடைவு. சங்க இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு பார்த்திருப்பீர்கள். 'குருகு' என்ற சொல் எந்தெந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று அதில் இருக்கும். நூலைப் படித்துத் தேடாமல் அடைவைப் பார்த்து நேரே அந்த அடிக்குப் போகலாம். தேடுபொறியின் அடைவும் இதே தத்துவந்தான். சொல்லுக்கு எதிரே அது வரும் பக்கங்களின் பட்டியல்.

3. வரிசை. ஒரு சொல்லுக்கு லட்சம் பக்கங்கள் இருந்தால் எதை முதலில் காட்டுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த, கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் லிங்கை ஓட்டுபோல எண்ணு, மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு அதிக எடை கொடு. 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் கிடங்கின் அளவு 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள். இன்று ஓட்டோடு வேறு நூற்றுக்கணக்கான அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. நீங்கள் இருக்கும் ஊர், போனில் வைத்திருக்கும் மொழி, முன்பு தேடியவை எல்லாம் கணக்கில் வரும். மதுரையில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு வரிசை வருவது இதனால்தான்.

இந்த மூன்று படிகளையும் மனத்தில் வைத்தால், 'கிடைக்கவில்லை' என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும் என்பது தெரியும். பக்கம் கிடங்குக்குள் வரவே இல்லை. வந்தது, ஆனால் நீங்கள் தட்டிய எழுத்துகளோடு அதன் எழுத்துகள் பொருந்தவில்லை. பொருந்தியது, ஆனால் ஐம்பதாவது இடத்தில் கிடக்கிறது. தமிழில் தேடுபவரை அதிகம் அலைக்கழிப்பது நடுவில் உள்ள காரணம். அதற்கு முன் முதலாவதை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

கிடங்குக்குள் வராதவை

பட்டா, வில்லங்கச் சான்று, நீதிமன்ற வழக்கின் நிலை, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர். இவை எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் தரவுத்தளத்துக்குள் இருக்கின்றன. சர்வே எண்ணையோ வழக்கு எண்ணையோ படிவத்தில் நிரப்பி, கட்டத்தில் காட்டும் எழுத்துகளைத் தட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் உருவாகும். தேடுபொறியின் நிரல் படிவம் நிரப்பிக்கொண்டிருக்காது. எனவே கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கூகுளில் தட்டி எதுவும் வரவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கூகுளில் தேட வேண்டியது அந்தச் சேவையின் தளத்தை. ஆவணத்தை அந்தத் தளத்துக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களும் பூட்டிய முகநூல் குழுக்களும் இதேபோல வெளியே தெரியாதவை. அழிந்துபோன பக்கங்கள் இன்னொரு வகை. கூகுள் முன்பெல்லாம் ஒரு பக்கத்தின் பழைய நகலைத் தானே காட்டும். அந்த வசதியை 2024இல் எடுத்துவிட்டது. இப்போது பழைய பக்கத்தைப் பார்க்க இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின்தான் முக்கிய வழி. 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. செத்துப்போன பக்கத்தின் முகவரியை அதில் ஒட்டினால், எந்தெந்தத் தேதியில் நகல் எடுக்கப்பட்டது என்று நாட்காட்டி போலக் காட்டும்.

தமிழில் எழுத்து பொருந்தாமல் போவது எப்படி?

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். தமிழில் நல்ல பக்கங்களே இல்லை என்று பலர் முடிவுகட்டுவது இந்தப் பொருத்தக் கோளாறுகளால்தான். அந்த முடிவு எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் உழைத்து ஏற்றப்பட்ட எவ்வளவோ பக்கங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன.

1. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடு. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு என்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் மேல் போட்ட வேடம். ஈழத் தமிழர் பரவலாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர, கீபோர்டில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். கோப்பில் பதிவாவதும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்தது. அந்தக் காலத்துப் பக்கத்தை இன்று தேடுபொறி படித்தால் அதற்குக் கிடைப்பது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகளும், உலகத் தமிழர் முயற்சியில் டிஸ்கி என்ற குறியீடும் வந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010இல். ஆனாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரான அரசு பிடிஎஃப்கள் நிறையவே உள்ளன. செய்தியில் படித்த அரசாணை தேடலில் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பழைய எழுத்துரு. அப்படியானால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் உங்கள் தேடுசொல்லைக் கொடுத்து, பழைய வடிவத்துக்கு மாற்றி, அந்தக் குவியலையே தேடல் பெட்டியில் ஒட்டலாம். விசித்திரமாக இருந்தாலும் பல நேரம் பலன் தரும்.

2. பார்வைக்கு ஒன்று, குறியீட்டில் வேறு. ஔவையார் ஒரு உதாரணம். இன்னொன்று ஸ்ரீரங்கம். 'ஸ்' எழுத்தை வைத்தும் 'ஸ்ரீ' எழுதலாம்; 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தை வைத்து 'ஶ்ரீ' என்றும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். எந்தக் கீபோர்டு எதைத் தருகிறது என்பது தட்டுபவருக்கே தெரியாது. மூன்றாவது, 'ரி' என்ற எழுத்து. பழைய கோப்புகளிலிருந்து மாற்றப்பட்ட பக்கங்களில் 'ர'வுக்குப் பதிலாகத் துணைக்கால் வந்து உட்கார்ந்திருக்கும். 'அரிசி' என்று நம் கண் படிக்கிறது. கணினி 'அ'வுக்குப் பின் ஒரு துணைக்காலையும் கொக்கியையும் படிக்கிறது. கூகுள் போன்ற பெரிய தேடுபொறிகள் இவற்றில் சிலவற்றை ஊகித்து இணைத்துவிடுகின்றன. ஒரு தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியும், பிரவுசரில் கண்ட்ரோல் எஃப் தட்டித் தேடுவதும் அந்த அளவுக்கு உதவுவதில்லை. அங்கே சந்தேகத்துக்குரிய எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லின் மீதியை மட்டும் தட்டுவது நல்லது. 'வையார்' என்று தேடினால் இரண்டு வகையும் அகப்படும்.

3. ஒட்டும் சந்தியும். 'மரம்' என்ற சொல் வேற்றுமை ஏற்றால் மரத்தை, மரத்தில், மரத்தின், மரங்களுக்கு என்று மாறுகிறது. 'வீடு' 'வீட்டில்' ஆகும்போது ட இரட்டிக்கிறது. வேரை அடையாளம் காண்பதில் தேடுபொறிகள் ஆங்கிலத்தில் கெட்டி. தமிழில் இன்னும் தடுமாறுகின்றன. எனவே 'வீட்டுக்கான மின் இணைப்பைப் பெயர் மாற்றம் செய்வது எப்படி' என்று முழு வாக்கியம் தட்டுவதைவிட 'மின் இணைப்பு பெயர் மாற்றம்' என்று உருபு ஒட்டாத சொற்களை அடுக்குவது பெரும்பாலும் நல்ல பலன் தரும். ஒற்று மிகுந்தும் மிகாமலும், சேர்த்தும் பிரித்தும் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம்.

4. ஊருக்கு ஊர் எழுத்து. கொரோனா என்று சில இதழ்கள் எழுதின, கரோனா என்று சில. தமிழ்நாட்டில் ஜெர்மனி, ஈழத்து வழக்கில் ஜேர்மனி, விக்கிப்பீடியாவில் செருமனி. ரயில், இரயில், புகையிரதம். மருத்துவமனை, வைத்தியசாலை, ஆஸ்பத்திரி. இலங்கையின் ஒரு மாவட்டத்தில் நடந்ததைத் தேடும்போது 'மருத்துவமனை' என்று தட்டினால் பாதி விடைகள் தவறிவிடும். தேடும் முன், அந்தச் செய்தியை எழுதியவர் இதை என்ன சொல் சொல்லியிருப்பார் என்று ஒரு நொடி யோசிப்பது, வேறெந்த உத்தியையும்விடப் பயன் தரும் என்பது என் கருத்து.

5. படமாக இருக்கும் எழுத்து. ஸ்கேன் செய்து ஏற்றிய நூல் கணினிக்கு வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் ஓடினால்தான் தேட முடியும். அது ள, ன, ண ஆகியவற்றைக் குழப்பும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை, றா போன்றவை பழைய கொம்புகளோடும் சுழிகளோடும் இருக்கும். அங்கே பிழை இன்னும் கூடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டத்திலும் ஆயிரக்கணக்கான நூல்கள் இப்படிப் படங்களாக உள்ளன. அவற்றில் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேட வேண்டும். உள்ளே இருக்கும் ஒரு வரியைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் அகப்படாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வகை. அங்கே தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்றியிருக்கிறார்கள், எனவே பாட்டின் ஓர் அடியை வைத்தே தேடலாம்.

வலையைச் சுருக்கும் குறிகள்

பொருந்திய பக்கங்கள் மிக அதிகமாக இருக்கும்போது சில குறிகள் உதவும். இவற்றில் வரும் ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

1. இரட்டை மேற்கோள் குறிக்குள் சொற்றொடரைப் போட்டால் அதே வரிசையில் அந்தச் சொற்கள் வரும் பக்கங்களைக் காட்டும். பாட்டடி, பழமொழி, அறிக்கையின் ஒரு வாக்கியம் ஆகியவற்றுக்கு இதுவே வழி.

2. 'சைட்', முக்காற்புள்ளி (:), இடைவெளி விடாமல் தளத்தின் முகவரி. அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். முழு முகவரி வேண்டியதில்லை. இந்திய அரசுத் தளங்களின் முகவரிக்குப் பொதுவான 'கவ் புள்ளி இன்' என்ற வாலை மட்டும் கொடுத்தாலும் போதும். இலங்கைக்கு 'கவ் புள்ளி எல்கே'.

3. 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, பிடிஎஃப். சுற்றறிக்கை, பாடத்திட்டம், அரசாணை தேட.

4. ஒரு சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி. அந்தச் சொல் உள்ள பக்கங்களை ஒதுக்கும். ஊர்ப் பெயரும் திரைப்படப் பெயரும் ஒன்றாக இருந்தால் 'திரைப்படம்' என்பதை இப்படிக் கழிக்கலாம்.

5. 'பிஃபோர்', 'ஆஃப்டர்', முக்காற்புள்ளி, ஆண்டு. இன்ன ஆண்டுக்கு முன், பின். மழைக்காலத்தில் ஒரு வெள்ளப் படம் பரவும்போது அது பழையதா என்று பார்க்கப் படத்தையே கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகியவையும் உண்டு. அதே படம் சில ஆண்டுகளுக்கு முன்பே வெளியான பக்கம் ஒன்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

மேலே வருவது ஏன் மேலே வருகிறது?

வரிசையின் உச்சியில் வருவது மிகச் சரியானது என்று நாம் பழகிவிட்டோம். உச்சியில் மூன்று விதமானவை வரலாம். காசு கொடுத்து வாங்கிய இடம் ஒன்று. விளம்பரம் என்று சிறு எழுத்தில் குறிப்பு இருக்கும், போன் திரையில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தேடுபொறிக்குப் பிடிக்கும்படி செதுக்கி எழுதப்பட்ட பக்கம் இன்னொன்று. உண்மையிலேயே பொருத்தமானது மூன்றாவது.

இதில் நேரடியாகப் பணம் பறிபோகும் இடம் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடல். வங்கி, கூரியர், கேஸ் ஏஜென்சி என்று எதன் பெயரையும் போட்டு மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் பக்கங்களில் ஏற்றிவைக்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் முதலில் தெரியும் எண்ணை அழைக்கிறார். எதிர்முனையில் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஒரு ஆப்பை இறக்கச் சொல்கிறார்கள், அப்புறம் ஓடிபி கேட்கிறார்கள். வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டாம். ஏடிஎம் கார்டின் பின்புறத்திலும் பாஸ்புக்கிலும் அச்சாகியிருக்கிறது. இந்தியாவில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

ஏஐ எழுதித் தரும் பதில்

கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ தொகுத்த பதிலைக் காட்டத் தொடங்கியது. சில நாட்களிலேயே ஒரு பதில் உலகம் முழுக்கப் பரவியது. பீட்சாவில் சீஸ் ஒட்டாமல் நழுவுகிறது, என்ன செய்வது என்று கேட்டவருக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலக்கலாம் என்று அது சொல்லியிருந்தது. தேடிப் பார்த்ததில், ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வேடிக்கையாக எழுதிய வரியிலிருந்து அது வந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நடந்த விதம். ஏஐ அந்தப் பதிலை வெறுமனே கற்பனை செய்யவில்லை. கிடங்கில் பொருந்திய ஒரு பக்கத்தை எடுத்துத் தந்தது. அது வேடிக்கையா, சமையல் குறிப்பா என்று பிரித்தறியவில்லை. பழைய முறையில் பத்து லிங்குகள் வரும்போது எந்தத் தளம், யார் எழுதியது என்று நம் கண் தானாகவே எடைபோடும். சரளமான ஒரு பத்தியாக வரும்போது அந்த எடைபோடுதல் நின்றுவிடுகிறது.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு நோய்க்கு மருந்து பற்றி ஆங்கிலத்தில் மருத்துவ நிறுவனங்களின் பக்கங்கள் வரிசையாக உள்ளன. அதே பொருளில் தமிழில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்த குறிப்புகள். பத்துத் தளங்கள் ஒரே தவறைச் சொன்னால் இயந்திரத்துக்கு அது பத்து சாட்சிகளாகத் தெரியும். எனவே மருந்தின் அளவு, கடைசித் தேதி, கட்டணம், சட்டப் பிரிவு எதுவானாலும் பத்தியின் பக்கத்தில் தரும் லிங்கைத் திறந்து, அந்த எண் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். லிங்க் எதுவும் தராத பதிலை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு மேலே தேடலாம்.

கூகுளுக்கு வெளியே: நூலகப் பட்டியல்கள்

பழைய தமிழ் நூல் ஒன்று எங்கே இருக்கிறது என்று அறிய வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல்கள் நல்ல கருவி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலும் உலக நூலகங்களை இணைக்கும் வேர்ல்டுகேட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை. ஆனால் பலர் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.

காரணம், அந்தப் பட்டியல்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை வேறு. நாம் 'சங்கம்' என்பதை எஸ்ஸில் தொடங்குவோம். அங்கே 'ச' எங்கு வந்தாலும் சி என்ற எழுத்துதான். 'க'வுக்கு எப்போதும் கே. ஆகவே சங்கம் என்பது சி, ஏ, என், கே, ஏ, எம். 'ழ'வுக்கு நாம் இஸட் எச் போடுகிறோம். அங்கே அடிக்கோடு இட்ட எல். கோடு இல்லாத எல் தட்டினாலே பெரும்பாலும் போதும். தரங்கம்பாடி போன்ற ஊர்ப் பெயர்களில் இன்னொரு அடுக்கும் உண்டு. ஆங்கிலேயர் அதை டிரங்கிபார் என்று க்யூவில் எழுதினார்கள், அங்கே கோட்டை கட்டிய டேனியர் கே என்ற எழுத்தில் எழுதினார்கள். கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் தேடுபவர் அந்தக் கேயைத் தட்ட வேண்டும்.